விவாகரத்துக்குப் பின்னும் தாபரிப்புக் கொடுக்க வேண்டுமா?

வெள்ளவத்தை வாசன்:
திருமணம் முறிந்த பின்னரும் ஒருவர் மற்றவருக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகளின் செலவு வேறு; அதை எந்தத் தகப்பனும் மறுக்கக் கூடாது. ஆனால் பட்டமும் உடல்நலமும் உள்ள ஒருவர், உறவே இல்லையென்றான பின் முன்னாள் துணையின் சம்பளத்தில் பங்கு கேட்பது எந்த வகையில் நியாயம்? விவாகரத்தான என் தம்பியின் சம்பளத்தில் வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்துச் செலவும் போக மிஞ்சுவது சொற்பம். அதிலும் ஒரு பகுதியை அவன் எத்தனை காலத்துக்குக் கொடுப்பது?

புதுக்கடைச் சட்டத்தரணி:
இது யாருக்கும் தானாகக் கிடைக்கும் உரிமையன்று. இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவின்படி, விவாகரத்துத் தீர்ப்பை வழங்கும் மாவட்ட நீதிமன்றம், பொருத்தமெனக் கருதினால் மாத்திரம், சொத்தை எழுதிக்கொடுக்கும்படியோ ஒரு மொத்தத் தொகையைச் செலுத்தும்படியோ மாதாந்தம் அல்லது வருடாந்தம் கொடுக்கும்படியோ கட்டளையிடலாம். கணவனும் கேட்கலாம், மனைவியும் கேட்கலாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் வாழ்க்கைத்துணை தொடுக்கும் தாபரிப்பு வழக்கு வேறு. அது திருமணம் நிலைத்திருக்கும் காலத்துக்குரியது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை மலர்:
வாசன் அண்ணா, பட்டம் இருந்தால் மறுநாளே வேலை கிடைத்துவிடும் என்பதைப் போல எழுதியிருக்கிறீர்கள். என் அக்கா ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவர். இரண்டாவது பிள்ளை பிறந்ததும், வீட்டைப் பார்க்க ஆளில்லை என்று அத்தான் வீட்டார் கேட்டுக்கொண்டதால் வேலையை விட்டார். அதன் பிறகு வந்த பதினான்கு ஆண்டுகளிலும் அத்தானின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் அவருடைய சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில் தருநரின் 12 வீதமும் மாதந்தவறாமல் சேர்ந்துகொண்டிருந்தன; அக்காவின் கணக்கில் ஒரு சதம்கூடச் சேரவில்லை. அத்தான் முகாமையாளரானார். அக்கா மீண்டும் வேலை தேடிப் போன இடத்தில், பாடசாலை முடித்து வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சம்பளத்தைத்தான் பேசினார்கள்.

வீடு அத்தானின் பெயரில் இருக்கிறது. பொதுச் சட்டத்தில் அவரவர் சொத்து அவரவருக்கே. வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்காவது, திருமண காலத்தில் தேடிய சொத்தைக் குறிக்கும் தேடியதேட்டம் என்று ஒன்று இருக்கிறது. மலையக வழிவந்த எங்களுக்கு அதுவும் கிடையாது. அத்தான் வேலைக்குப் போய்வர முடிந்ததே அக்கா வீட்டில் இருந்ததால்தான். அந்த உழைப்பின் பங்கைக் கேட்பதை இரந்து நிற்பதாக யாரும் பார்க்க வேண்டாம்.

வெள்ளவத்தை வாசன்:
சகோதரி, உங்கள் அக்காவுக்கு நேர்ந்தது அநியாயம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது சொத்துப் பங்கீட்டால் தீர்க்க வேண்டிய அநியாயம். திருமண காலத்தில் சேர்ந்ததைக் கணக்கிட்டு ஒரே தடவையில் பிரித்துக்கொடுத்து, அத்தோடு இருவரையும் விட்டுவிட வேண்டும். மாதாந்தக் கொடுப்பனவு முறிந்த உறவை முறியவிடாமல் இழுத்துக்கொண்டே போகிறது. கொடுப்பவர் மறுமணம் செய்தால் புதிய குடும்பமும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது.

புதுக்கடைச் சட்டத்தரணி:
நிலைமை மாறினால் கட்டளையை மாற்றும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்பதால், அந்த அச்சம் ஓரளவு மிகை. ஆனால் இருவரும் தொடாத ஒன்று இருக்கிறது. விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு விவாகரத்துக்கு ஏற்கும் காரணங்கள் மூன்றே: திருமணத்தின் பின்னரான சோரம் (துணையல்லாதவருடன் உடலுறவு), வன்மத்துடன் கைவிடல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை. இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினாலும் ஒருவர் மற்றவரைக் குற்றவாளியாக்கித்தான் பிரிய வேண்டும். ஆகவே நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு பேரம் நடக்கிறது: “நான் வழக்கை எதிர்க்கவில்லை, நீ தாபரிப்புக் கேட்காதே.” வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும் என்று அஞ்சும் பெண், கேட்டால் கிடைத்திருக்கக்கூடியதையும் வேண்டாமென்று எழுதிக் கையெழுத்திடுகிறார். நான் கண்ட வழக்குகளில் தாபரிப்பு மறுக்கப்பட்டதைவிட, இவ்வாறு கைவிடப்பட்டதே அதிகம்.

கொட்டாஞ்சேனை மலர்:
அக்காவும் அப்படித்தான் கையெழுத்திட்டார். பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு தொகை வருகிறது.

வெள்ளவத்தை வாசன்:
அப்படியானால் மாற்ற வேண்டியது விவாகரத்துச் சட்டத்தை. குற்றம் சுமத்தாமல் பிரியவும் சொத்தைப் பிரித்துக்கொள்ளவும் வழி செய்தால் இந்தப் பேரத்துக்கே இடமிருக்காது. மாதாந்தத் தாபரிப்பு வேண்டாம் என்ற என் கருத்து மாறவில்லை. மீண்டும் வேலைக்குத் தயாராகும்வரை, காலவரையறையுடன் கொடுப்பதை மட்டும் ஏற்கிறேன்.

கொட்டாஞ்சேனை மலர்:
காலவரையறை இளவயதுப் பெண்ணுக்குப் பொருந்தலாம், ஐம்பதை நெருங்குபவருக்குப் பொருந்தாது. சட்டம் திருந்தும்வரை ஒன்றையாவது செய்யலாம்: தாபரிப்பு வேண்டாம் என்று யார் எழுதிக்கொடுத்தாலும், இருவரின் சம்பளப் பட்டியலையும் சேமலாப நிதிக் கணக்கையும் பார்க்காமல் நீதிபதி அதை ஏற்கக் கூடாது.