“மூட்டை யாரோடது?”

லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படம் 2018-இல் வந்தபோது நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ரொம்பத் தாமதமாக, ஒரு மழை நாளில், கோத்தகிரியில் நண்பன் வீட்டு டிவியில்தான் சேர்ந்து பார்த்தோம். வீட்டுக்காரனுடையது இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பம். இன்னொருத்தன் நீலகிரிப் படுகன், ஹட்டி என்று சொல்லும் அவர்கள் ஊரில் சொந்தத் தேயிலை உண்டு. எனக்குக் கடைத்தெருவில் பிழைப்பு. இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. படம் முடிந்ததும் பேச்சு இந்தக் கோட்டில்தான் பிளந்தது.

தேனிப் பக்கத்து அடிவாரத்து ரங்கசாமி, மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டங்களிலிருந்து மூட்டை சுமந்து இறக்குபவன். கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. படத்தின் ஆரம்பம் முழுக்க நடக்கிறான். எதிர்ப்படுகிறவர்களோடு நாலு வார்த்தை பேசுகிறான், மறுபடி நடக்கிறான். “எப்படா கதை ஆரம்பிக்கும்?” என்று தேயிலைக்காரன் நச்சரித்துக்கொண்டே இருந்தான். எனக்கு அந்த நடைதான் படமே. பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜாவும் தன் ஊர் மலை என்பதாலோ என்னவோ, அடக்கியே வாசித்திருக்கிறார்.

அப்புறம் அந்தக் காட்சி. நிலத்துக்கென்று அவன் நம்பியிருந்த ஏலக்காய் மூட்டை நழுவி, பாறையில் அடிபட்டு, பள்ளத்தில் உருண்டு சிதறுகிறது. நாங்கள் இதை எப்படி எடுத்திருப்பார்கள், ஒரே டேக்கா என்று பேச ஆரம்பித்துவிட்டோம். அடுப்படி வாசலில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்த நண்பனின் அம்மா தலையைத் தூக்கி, “மூட்டை யாரோடது?” என்றார்.

“அவனோடதுதாம்மா.”

“அப்ப போச்சு. மொதலாளியோடதா இருந்தா சம்பளத்துல பிடிப்பாங்க, மாசாமாசம் கொஞ்சமாத் தீந்துரும். சொந்த மூட்டைன்னா யார்கிட்ட பிடிக்கிறது?”

எஸ்டேட்டில் வருஷக்கணக்காக இலை எடுத்தவர் அவர். மழையில் நனைந்த இலைக்கு ஈரத்துக்கென்று எடையில் எவ்வளவு கழிப்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். படத்தைப் பற்றி அன்று அந்த வீட்டில் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அதுதான். ஷாட், லென்ஸ் என்று அளந்துகொண்டிருந்த எங்கள் வாய் கொஞ்ச நேரம் மூடியிருந்தது.

பிற்பாதியில் எனக்குக் குறை உண்டு. தொழிற்சங்கப் பகுதி வந்ததும் படம் திடீரென அவசரப்படுகிறது. அத்தனை நிதானமாக நடந்த படத்துக்கு அது ஒட்டவில்லை. எப்படியோ நிலம் கைக்கு வருகிறது, உரக்கடைக் கடன் ஏறுகிறது, ரங்கசாமி ஜெயிலுக்குப் போகிறான், நிலமும் போகிறது. கடைசியில், தன் நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே காவலாளியாக நாற்காலி போட்டு உட்காருகிறான்.

டீ வருவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. “அழ வைக்கணும்னே வச்ச க்ளைமாக்ஸ்” என்றான் தேயிலைக்காரன். வீட்டுக்காரனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் தாத்தா 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தான கணக்கில் அவரும் ஒரு தலை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இந்த மலைக்கு வந்து மறுபடி தேயிலை. “எங்கப்பா ரிட்டயர் ஆனதும் எஸ்டேட்டுல குடுத்த லைன் வீட்டைக் காலி பண்ணுன்னாங்க. ரங்கசாமி கையில கொஞ்ச நாளாவது பத்திரம் இருந்துச்சு. எங்களுக்கு அதுவும் இல்ல” என்றான். இத்தனை வருஷப் பழக்கத்தில் இதை அவன் வாயால் நான் கேட்டதே இல்லை.

“பத்திரம் இருந்து என்ன மச்சான்? இலைக்கு விலை இல்லன்னா அதை வச்சு நாக்கு வழிக்கிறதா? எங்க பக்கத்துத் தோட்டமெல்லாம் காட்டேஜ் ஆயிட்டு வருது. வித்தவங்க சிலர் அங்கயே கேட்ல நிக்கிறாங்க” என்றான் மற்றவன். கொஞ்சம் பொறுத்து, “வாட்ச்மேன் வேலைன்னா மாசம் பொறந்தா சம்பளம் உண்டுல்ல?” என்றான்.

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. நான் ஒத்துக்கொள்ளவும் இல்லை. சம்பளம் வாங்குவதும் தன் மண்ணுக்கே காவல் நிற்பதும் ஒன்றா என்று கேட்டேன். அதற்கு அவன் வாட்ஸ்அப்பில் இன்னமும் பதில் போட்டுக்கொண்டிருக்கிறான்.