குறைத்த எடை மீண்டும் ஏறாமல் இருக்க: களி, மாம்பழப் பருவம், எப்போதாவது இரண்டு பெக்

மாங்கூழ்க்காரன், காவேரிப்பட்டணம்

அனைவருக்கும் வணக்கம். பேலியோ எனும் மாவுச்சத்துக் குறைந்த உணவுமுறையில் எடை குறைப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குறைத்த பிறகு அதை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்ல ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வி.

வயது 46. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் மேற்பார்வையாளர். 96 கிலோ இருந்தேன், இப்போது 78. காலையில் முட்டையும் வெண்ணெய் போட்ட டீயும். மதியம் கீரைக் கடைசலோடு பனீர் அல்லது கோழி. இரவில் காய்கறிப் பொரியல், கூடவே தேங்காய்த் துண்டு. சோறு, இட்லி, களி, சர்க்கரை எதையும் தொடுவதில்லை. சில மாதங்களாக எடை 78இலேயே நிற்கிறது. இதற்குக் கீழே போகும் எண்ணம் இல்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது என்று அம்மா இப்போதே வருந்துகிறார்.

முதலில் ராகிக் களி. அம்மா சட்டியைக் காலால் அணைத்துப் பிடித்துத் துடுப்பால் கிண்டுவார். பிறகு கையைத் தண்ணீரில் நனைத்து, ஆவி பறக்க உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் விரலால் குழி அழுத்திக் கொள்ளுக் குழம்பை ஊற்றுவார். வீட்டில் எல்லோருக்கும் அதுதான் சாப்பாடு. எனக்கு மட்டும் தனிச் சமையல். வாழ்நாள் முழுவதும் களியே கூடாதா, அல்லது எடை நிலைத்த பிறகு கொஞ்சம் சேர்க்கலாமா?

மாம்பழம் பற்றி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோத்தாபுரிக் கூழில் பிரிக்ஸ் 14 இருக்கிறதா என்று கருவியில் பார்ப்பதே என் வேலை. நூறு கிராமில் பதினான்கு கிராம், கிட்டத்தட்ட அத்தனையும் சர்க்கரை. பருவத்தில் லாரி லாரியாக வந்து இறங்கும்போதும் ருசி பார்க்க ஒரு சிறு கீற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். அது பழகிவிட்டது.

அடுத்தது மது. என் மச்சான் பெங்களூரில் இருக்கிறார். மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ வருவார். தோப்பில் உட்கார்ந்து இரண்டு பெக் பிராந்தியோடு பேசிக்கொண்டிருப்பது எங்களுக்குப் பல வருடப் பழக்கம். பேலியோ தொடங்கிய பிறகு நான் தொடவில்லை. இனி எப்போதாவது குடித்தால் எடை ஏறுமா? பீர் ஆகுமா? தெரிந்தவர்கள் மனம் திறந்து சொல்லுங்கள்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்

அண்ணா, பிராந்தி, விஸ்கி, ரம், வோட்கா இவற்றில் மாவுச்சத்து இல்லை. பீரில் உண்டு, 650 மி.லி. பாட்டில் ஒன்றில் சுமார் இருபது கிராம். அதனால் பீர் வேண்டாம். பிராந்தியில் தண்ணீரோ சோடாவோ மட்டும் கலந்துகொள்ளுங்கள். கோலா ஊற்றினால் 250 மி.லி.க்கு 26 கிராம் சர்க்கரை உள்ளே போய்விடும்.

மாவுச்சத்து இல்லை என்பதால் கணக்கு முடிந்துவிடாது. பெரிய பெக் இரண்டு என்றால் 120 மி.லி., அதில் சுமார் 40 கிராம் ஆல்கஹால். கிராமுக்கு 7 கலோரி வீதம் 280 கலோரி ஆகிறது. கல்லீரல் இதை முதலில் எரித்துத் தீர்க்கும். அதற்கே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அதுவரை கொழுப்பு எரிவது பெரிதும் மட்டுப்படும்.

என் அனுபவத்தில் எடையை ஏற்றுவது கூட வருகிறவைதான். காராபூந்தி, மிக்சர், இரவு பதினொரு மணிப் பரோட்டா. எங்கள் குழுவில் நான் வறுத்த கடலையும் அவித்த முட்டையும் கையோடு கொண்டுபோகிறேன். அணைப்பக்கம் மீன் வாங்கினால் மாவு தடவாமல் வெறும் மசாலாவில் வறுத்துத் தரச் சொல்வேன், செய்து கொடுப்பார்கள். இன்னொன்று: பேலியோவில் இருக்கும்போது போதை சீக்கிரம் ஏறும். முன்பு தாங்கிய அளவை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டியை எடுக்கவே கூடாது.

மருந்துக்கடை அக்கா, தருமபுரி

தம்பி, பதில் சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். பேலியோ தொடங்கியது எடைக்காக மட்டுமா, சர்க்கரைக்காகவுமா? மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? பெயரைச் சொல்லுங்கள்.

மாங்கூழ்க்காரன், காவேரிப்பட்டணம்

சர்க்கரை இருக்கிறது அக்கா. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. 96 கிலோ இருந்தபோது எழுதிக்கொடுத்தது, அதுவே தொடர்கிறது. இப்போது விடியற்காலையில் மீட்டரில் 80, 85 என்று வருகிறது. சில நாள் 72கூட வந்திருக்கிறது. நல்ல கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மருந்துக்கடை அக்கா, தருமபுரி

தம்பி, பெக்கையும் களியையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் சொன்ன 72தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் சோறு தின்றீர்களா, முட்டை தின்றீர்களா என்று அதற்குத் தெரியாது. மூன்று வேளையும் சோறும் இட்லியும் தின்ற 96 கிலோ உடம்புக்குக் கொடுத்த அளவு அது. இப்போது 18 கிலோ குறைந்திருக்கிறது, மாவுச்சத்தும் இல்லை. மருந்து மட்டும் குறையவில்லை. 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. நீங்கள் அதன் வாசற்படியில் நிற்கிறீர்கள்.

இந்த நிலையில் மது உள்ளே போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நாம் சாப்பிடாத நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் கல்லீரல் பார்த்துக்கொள்கிறது. சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், தீர்ந்தால் புதிதாகச் செய்தும் கொடுக்கும். மாவுச்சத்து குறைத்தவருக்குச் சேமிப்பு ஏற்கெனவே குறைவு. புதிதாகச் செய்யும் வேலையை ஆல்கஹால் தடுத்துவிடும். மாத்திரையோ சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். குடித்த உடனேயே இது நடக்க வேண்டும் என்பதில்லை. தூக்கத்தில் நடக்கலாம், மறுநாள் காலையிலும் நடக்கலாம்.

இதில் என்னை மிகவும் பயமுறுத்துவது அடையாளங்கள்தான். வியர்வை, கை நடுக்கம், நாக்குக் குழறல், தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு. பார்க்கிறவர்கள் போதை என்றுதான் நினைப்பார்கள். தூங்கட்டும், காலையில் தெளிந்துவிடும் என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். அப்படியே நினைவு தப்பினால் உயிருக்கே ஆபத்து.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். எடை குறைந்ததையும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும், விடியற்காலை அளவுகளையும் சொல்லுங்கள். பிராந்தியைப் பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும். மாற்றும்போது பெயர் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' முடிவில் வந்தால், பேலியோவில் இருப்பதை இன்னொரு முறை அழுத்திச் சொல்லுங்கள். மாவுச்சத்துக் குறைவும் மதுவும் அந்த மருந்தோடு சேர்ந்தால், மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் கூடிப்போகும் அபாயம் உண்டு. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் மிதமிஞ்சிய குடி ஆகாது.

அதுவரை சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். 70க்குக் கீழே வந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் அளவு, தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். பேலியோ கெட்டுவிடுமே என்று பாதாமும் வெண்ணெய் டீயும் எடுக்காதீர்கள், அவை அந்த நேரத்துக்கு உதவாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். இதை உங்கள் மச்சானுக்கும் வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.

எடையை மட்டும் மனதில் வைத்துக் கொஞ்சம் குடிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பென்னாகரம் வரலாற்று ஆசிரியை

அக்கா சொன்னதற்கு மேல் மருந்து பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மருத்துவர் மாத்திரையைச் சரிசெய்த பிறகு படிக்க வேண்டிய பதில் இது.

உங்கள் கேள்வி பழைய கேள்வி சார். லண்டனில் ஈமச்சடங்குத் தொழில் செய்த வில்லியம் பான்டிங் என்பவர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விட்டு எடை குறைத்து, 1863இல் அதைச் சிறு வெளியீடாக அச்சிட்டார். அதிலேயே பீரும் போர்ட் ஒயினும் ஷாம்பெயினும் கூடாது, கிளாரட் என்ற சிவப்பு ஒயின் ஆகும் என்று எழுதியிருக்கிறார். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் அன்றிலிருந்தே மதுவுக்கு இடம் தேடுகிறார்கள்.

நானும் எடை குறைத்தவள்தான். சில வருடங்களாக அதே எடையில் இருக்கிறேன். களி என் தட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது, ஆனால் அளந்துதான் வருகிறது. ராகி சர்க்கரையை ஏற்றாது என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். ராகி மாவிலும் நூறு கிராமுக்கு எழுபது கிராம் வரை மாவுச்சத்துதான். அதில் சுண்ணாம்புச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு அதிகம், அதற்காக மதிக்கிறேன். நம் வீடுகளில் அரிசி நொய் போட்டுக் கிண்டும் வழக்கம் வேறு. எனக்கு நொய் இல்லாமல், 40 கிராம் மாவில் சிறு உருண்டை. அதற்கே 28 கிராம் மாவுச்சத்து ஆகிவிடும். கீரைக் கடைசலும் நாட்டுக்கோழிக் குழம்பும் அதைவிட நிறைய இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும். நீங்கள் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பாருங்கள். உங்கள் உடம்பு களியைத் தாங்குகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

களி சாப்பிடத் தொடங்கிய வாரம் எடை ஒரு கிலோ ஏறினால் பயப்பட வேண்டாம். உடம்பு ஒரு கிராம் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேர்க்கும்போது கூடவே மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. தொடக்கத்தில் மளமளவென்று இறங்கிய எடையில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் திரும்பி எடை ஏறுவதைக் கண்டு மிரண்டு, இனி என்ன பத்தியம் என்று எல்லாவற்றையும் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே சமயம் 78 கிலோ உடம்புக்கு 96 கிலோவுக்கு வேண்டிய சாப்பாடு தேவைப்படாது. மாவுச்சத்து இல்லாத நெய்யும் பாதாமும் அளவு மீறினால் எடை ஏறும்.

வாரம் ஒரே நாளில், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றோடு எடை பாருங்கள். நான் இரண்டு கிலோ வரை விட்டுக்கொடுப்பேன். அதைத் தாண்டினால் களியும் தின்பண்டமும் நிற்கும், எடை இறங்கிய பிறகுதான் திரும்ப வரும். தினமும் நடை உண்டு. தேர்வுத்தாள் திருத்தும் மாதங்களிலும் அதை விடுவதில்லை.

மாங்கூழ்க்காரன், காவேரிப்பட்டணம்

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கும் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். சனிக்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். மச்சானிடமும் பேசிவிட்டேன், மாத்திரை விஷயம் முடிவாகும் வரை தோப்பில் எலுமிச்சை போட்ட சோடாதான் என்று அவரே சொல்லிவிட்டார். ஆசிரியை சொன்ன அளவுக் களியும் மருத்துவரைப் பார்த்த பிறகுதான். இன்று காலை மீட்டர் 74.

மருந்துக்கடை அக்கா, தருமபுரி

நல்லது தம்பி. மீட்டரில் உள்ள அளவுகளைத் தேதி, நேரத்தோடு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மாத்திரை அட்டையையும் கையில் கொண்டு போங்கள். சனிக்கிழமைக்கு முன்பே வியர்வையோ நடுக்கமோ வந்தால் குளுக்கோஸ் குடித்துவிட்டு அன்றைக்கே போய்ப் பாருங்கள், காத்திருக்காதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், யாரையாவது அழைத்துப் போங்கள்.