கைப்பட எழுதிய கட்டளை இடைமுகத்தை ஸ்கீமாவிலிருந்து உருவாக்கும் முறைக்கு மாற்றலாமா?

நூல்கண்டு எழுதியது:

வணக்கம். நாங்கள் நால்வர் சேர்ந்து சி மொழியில் எழுதப்பட்ட ஒரு சேமிப்பக டீமனை (பின்னணியில் இயங்கிக்கொண்டே இருக்கும் நிரலை) பராமரித்து வருகிறோம். ஒரே கணினியில் உள்ள நிரல்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாக, ஜேசான் என்ற உரை வடிவில் வரும் கட்டளைகளைப் பெற்று, வட்டுப் பிம்பங்களை (ஒரு வட்டின் உள்ளடக்கத்தைக் கொண்ட கோப்புகளை) இணைப்பது, பிரிப்பது, அவற்றுக்கு வேக வரம்பு விதிப்பது ஆகிய வேலைகளை அது செய்கிறது. தொடங்கியபோது ஆறு கட்டளைகள் இருந்தன. இன்று 43 இருக்கின்றன. ஒவ்வொரு கட்டளைக்கும் ஜேசானைப் பிரித்து, பல மதிப்புகளை ஒன்றாக வைக்கும் சி மொழியின் ஸ்ட்ரக்டில் நிரப்பும் பகுதி, விடையை மீண்டும் ஜேசானாக்கும் பகுதி, நினைவகத்தை விடுவிக்கும் பகுதி, கையேட்டில் ஒரு பத்தி என நான்கு இடங்களில் கைப்பட எழுதுகிறோம். நான்கும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்ப்பதற்கு எங்களிடம் எந்தக் கருவியும் இல்லை.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். வேக வரம்புக் கட்டளையில் நொடிக்கு எத்தனை பைட் என்ற புலம் கட்டாயமில்லை என்று கையேடு கூறுகிறது. அதைக் கொடுக்காவிட்டால் பழைய வரம்பு தொடர வேண்டும். 0 கொடுத்தால் வரம்பு நீங்க வேண்டும். எங்கள் நிரலிலோ, புலம் வராதபோதும் ஸ்ட்ரக்டில் 0 தான் நின்றது. ஆகவே வேறொரு புலத்தை மட்டும் மாற்றுவதற்காக அனுப்பப்பட்ட கட்டளை, வரம்பையே நீக்கிவிட்டது. இரண்டு நாள் தேடிய பிறகு, பிரிக்கும் பகுதியில் விடுபட்டுப்போன ஒரேயொரு சோதனைதான் காரணம் என்று கண்டுபிடித்தோம்.

இதற்குப் பிறகு, கட்டளைகளின் வடிவத்தை விவரிக்கும் ஒரு கோப்பை, அதாவது ஸ்கீமாவை, எழுதி, இடைமுக நிரலை அதிலிருந்து உருவாக்கலாம் என்று நினைக்கிறோம். அப்படி உருவாக்கித் தரும் ஜெனரேட்டரை நாங்களே எழுதுவதா, புரோட்டோகால் பஃபர்ஸ் போன்ற ஆயத்தக் கருவியை எடுப்பதா? உருவாகும் கோப்புகளை மூலநிரல் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டுமா? 43 கட்டளைகளையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாத நிலையில் எங்கிருந்து தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆணிவேர் எழுதியது:

வணக்கம் நூல்கண்டு. நான் சில ஆண்டுகளாக மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் க்யூஎமு திட்டத்தில், ஸ்கீமாவிலிருந்து கட்டளை இடைமுகத்தை உருவாக்கும் க்யூஏபிஐ பகுதியைப் படித்தும் பயன்படுத்தியும் வருகிறேன். உங்கள் நிலைக்கு மிக நெருங்கிய முன்மாதிரி அதுதான். அங்கும் சி மொழி, அங்கும் ஜேசான், அங்கும் சாக்கெட். கட்டளைகளையும் நிகழ்வுகளையும் அவற்றின் தரவு வகைகளையும் ஸ்கீமாக் கோப்புகளில் எழுதுகிறார்கள். பைத்தானில் எழுதப்பட்ட ஜெனரேட்டர் அவற்றைப் படித்து சி ஸ்ட்ரக்டுகளையும், தரவைப் பிரிக்கும் ஃபங்ஷன்களையும், வரும் கட்டளையை உரிய ஃபங்ஷனுக்கு அனுப்பும் நிரலையும் உருவாக்குகிறது. நிரலாளர் எழுத வேண்டியது, சரிபார்க்கப்பட்ட மதிப்புகளைப் பெற்று வேலையைச் செய்யும் ஒரு ஃபங்ஷன் மட்டுமே.

உங்களைப் பாதித்த கட்டாயமில்லாப் புலத்தை அங்கே எப்படிக் கையாள்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஸ்கீமாவில் புலத்தின் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இட்டால் அது கட்டாயமில்லாப் புலம். எண்ணாகவோ பூலியனாகவோ (ஆம் அல்லது இல்லை என்ற மதிப்பு) உள்ள அத்தகைய ஒவ்வொரு புலத்துக்கும், அது வந்ததா இல்லையா என்று சொல்லும் இன்னொரு பூலியனை ஜெனரேட்டர் ஸ்ட்ரக்டில் சேர்க்கிறது. 0 வேறு, வராமை வேறு என்பது தரவு வகையிலேயே பதிந்துவிடுகிறது. முன்பு சரங்களுக்கும் (எழுத்துத் தொடர்கள்), நினைவக முகவரியைச் சுமக்கும் மற்ற பாயிண்டர்களுக்கும்கூட இந்தப் பூலியன் இருந்தது. விடையை அனுப்பும்போது சரத்தை நிரப்பிவிட்டுப் பூலியனை மறந்தால் அந்தப் புலம் சத்தமின்றி விடுபட்டுப் போகும். பாயிண்டர் வெறுமையாக இருப்பதே வராமைக்குப் போதிய அடையாளம் என்பதால், 2023 ஏப்ரலில் வந்த 8.0 பதிப்பில் அந்தத் தேவையற்ற பூலியன்களை நீக்கினார்கள். ஜெனரேட்டரில் செய்த மாற்றம், அத்தகைய பிழை நேர்வதற்கான வாய்ப்பையே எல்லா இடங்களிலும் அகற்றியது. கைப்பட எழுதிய நிரலில் அதை ஒவ்வோர் இடமாகத் தேடித்தான் திருத்தியிருக்க வேண்டும்.

அடுத்து, நான்கு இடங்களில் எழுதுகிறீர்கள் என்றீர்கள். க்யூஏபிஐ ஒவ்வொரு வகைக்கும் அதன் புலங்களை வரிசையாகச் சென்று பார்க்கும் ஒரே ஒரு விசிட் ஃபங்ஷனைத்தான் உருவாக்குகிறது. அதனிடம் எந்த விசிட்டரை (ஒவ்வொரு புலத்திலும் என்ன செய்வது என்று சொல்லும் பகுதியை) கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஜேசானைப் படித்து ஸ்ட்ரக்டை நிரப்புவதும், ஸ்ட்ரக்டை ஜேசானாக்குவதும், நினைவகத்தை விடுவிப்பதும், முழு நகல் எடுப்பதும் அந்த ஒரே ஃபங்ஷனால் நடக்கின்றன. புதிய புலம் ஒன்றைச் சேர்த்தால் அது நான்கிலும் தானாகவே சேர்ந்துவிடும். விடுவிக்க மறந்த நினைவகம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. நீங்கள் சொந்தமாக ஜெனரேட்டர் எழுதுவதானால் இந்த அமைப்பை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

கையேட்டையும் அதே கோப்பில் வையுங்கள். க்யூஎமுவில் கட்டளைக்கான விளக்கம் ஸ்கீமாவிலேயே அதற்கு மேலே குறிப்பாக எழுதப்படுகிறது. குறிப்பு இல்லாவிட்டாலோ, இல்லாத புலத்தைக் குறிப்பு விவரித்தாலோ ஜெனரேட்டர் பிழை சொல்லி நின்றுவிடும். பில்ட் (நிரலைத் தொகுத்து உருவாக்கும் வேலை) நின்றுபோனால்தான் நம்மில் பலர் கையேட்டைத் திருத்துகிறோம் என்பது என் அனுபவம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் கருதுவது வேறொன்று. ஸ்கீமா என்பது உங்கள் கிளையண்டுகளுக்கு, அதாவது டீமனுக்குக் கட்டளை அனுப்பும் நிரல்களுக்கு, நீங்கள் கொடுக்கும் வாக்கு. அதில் செய்யும் ஒரு மாற்றம் வாக்கை மீறுகிறதா என்பது, தரவு எந்தத் திசையில் செல்கிறது என்பதைப் பொறுத்தது. கட்டளையின் உள்ளீட்டில் கட்டாயப் புலத்தைக் கட்டாயமில்லாததாக மாற்றலாம், பழைய கிளையண்டுகள் எப்போதும் போல அதை அனுப்பிக்கொண்டிருக்கும். விடையில் அதையே செய்தால், அந்தப் புலம் எப்போதும் வரும் என்று நம்பிய கிளையண்ட் விழுந்துவிடும். விடையில் புதிய புலத்தைச் சேர்க்கலாம். உள்ளீட்டில் புதிய கட்டாயப் புலத்தைச் சேர்க்கக் கூடாது. ஒரே வகையை உள்ளீட்டுக்கும் விடைக்கும் பயன்படுத்தினால் இரண்டு திசைகளின் கட்டுப்பாடுகளும் அதன் மேல் விழுகின்றன. பார்க்கச் சிக்கனமாகத் தோன்றும் இந்தப் பகிர்வு பின்னர் கையைக் கட்டிவிடும். கைப்பட எழுதிய நிரலில் இந்த மாற்றங்கள் நூறு வரி பேட்சுக்குள் ஒளிந்திருக்கும். ஸ்கீமாவிலோ அது ஒரு நட்சத்திரக் குறி வந்ததா போனதா என்ற ஒற்றை வரி வேறுபாடு. மறுஆய்வு செய்பவர் கண்ணில் படாமல் போகாது.

2015 டிசம்பரில் வந்த 2.5 பதிப்பு முதல், ஸ்கீமாவையே ஒரு கட்டளை மூலம் கேட்டுப் பெறும் வசதி க்யூஎமுவில் உள்ளது. மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் லிப்வர்ட் போன்ற கிளையண்டுகள் பதிப்பு எண்ணை வைத்து ஊகிக்காமல், இந்தப் புலம் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்த விடையில் கட்டளைப் பெயர்களும் புலப் பெயர்களும் அப்படியே இருக்கும். ஸ்ட்ரக்ட் போன்ற வகைகளின் பெயர்கள் மட்டும் எண்களாக மறைக்கப்பட்டிருக்கும். வகையின் பெயர் உள்வீட்டு விவரம், அதை யாரும் நம்பிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

ஒரு எச்சரிக்கை. ஸ்கீமா வடிவத்தைத்தான் சரிபார்க்கும். பிம்பத்தின் அளவு 512இன் மடங்காக இருக்க வேண்டும் என்பது போன்ற விதியை உங்கள் ஃபங்ஷன்தான் பார்க்க வேண்டும். அவற்றையெல்லாம் ஸ்கீமா மொழிக்குள் கொண்டுவர முயன்றால், அரைகுறையான இன்னொரு நிரல்மொழியை உருவாக்கிக்கொண்டு நிற்பீர்கள்.

படித்துறை எழுதியது:

ஆணிவேர் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயத்தக் கருவி பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் நான் அந்த வழியில் சென்று திரும்பியவன். புரோட்டோகால் பஃபர்ஸ் மிக உறுதியான கருவி. புதிதாகத் தொடங்குபவருக்கு அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே ஜேசான் பேசும் கிளையண்டுகள் இருக்கின்றன. அதன் ஜேசான் வடிவத்தில் 64 பிட் முழு எண்கள் மேற்கோள் குறிக்குள் சரமாக எழுதப்படும். பல மொழிகளின் ஜேசான் நூலகங்கள் எண்களை டபுள் என்ற தசம எண் வகையாகப் படிப்பதால் 9,007,199,254,740,992க்கு மேல் துல்லியம் போய்விடும் என்பதைப் பார்த்தால், அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் பைட் கணக்கை எண்ணாக எதிர்பார்க்கும் உங்கள் கிளையண்டுகள் அன்றே நின்றுவிடும்.

0க்கும் வராமைக்கும் உள்ள வேறுபாடும் அங்கே ஒரு கதைதான். புரோட்டோகால் பஃபர்ஸின் ஸ்கீமா மொழியுடைய மூன்றாம் வடிவம் வந்தபோது, எளிய எண் புலங்களுக்கு அந்த வேறுபாட்டை அறியும் வழி இல்லாமல் இருந்தது. பயனர்கள் பட்ட சிரமத்துக்குப் பிறகு, கட்டாயமில்லை என்ற சொல்லை மீண்டும் கொண்டுவந்து, 2021இல் வந்த 3.15 பதிப்பில் அதை இயல்பான வசதியாக்கினார்கள். அத்தனை பேர் பயன்படுத்தும் கருவியே திரும்பி வந்து திருத்த வேண்டியிருந்த இடம் அது என்பதால், உங்கள் ஸ்கீமா மொழியில் முதல் நாளே அதைத் தீர்மானித்துவிடுங்கள்.

கம்பி எழுதியது:

உருவான கோப்புகளைச் சேர்ப்பதா என்ற கேள்விக்கு இரண்டு பெரிய திட்டங்கள் இரண்டு விடைகளைத் தருகின்றன. க்யூஎமுவில் அவை பில்ட் அடைவில் மட்டுமே பிறக்கின்றன, களஞ்சியத்தில் இல்லை. லினக்ஸ் கெர்னலிலோ, 2023இல் வந்த 6.3 பதிப்பு முதல் நெட்லிங்க் குடும்பங்களுக்கான (கெர்னலும் பயனர் நிரல்களும் செய்தி பரிமாறும் இடைமுகங்கள்) விவரணங்கள் யாமல் என்ற உரை வடிவக் கோப்புகளாக எழுதப்படுகின்றன. அவற்றிலிருந்து உருவாகும் சி கோப்புகளும் ஹெடர் கோப்புகளும் கெர்னல் மரத்திலேயே சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் தலையிலும், நேரடியாகத் திருத்த வேண்டாம், இன்ன யாமல் கோப்பிலிருந்து உருவானது என்ற குறிப்பு இருக்கும். மீண்டும் உருவாக்கும் ஸ்கிரிப்ட் அந்தக் குறிப்பைப் படித்தே எதை எங்கிருந்து உருவாக்குவது என்று அறிந்துகொள்கிறது. இதனால் கெர்னலை பில்ட் செய்யும் இயந்திரத்தில் யாமல் படிக்கும் பைத்தான் நூலகம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

நீங்கள் நால்வர்தான் என்பதால் நான் கெர்னல் வழியைப் பரிந்துரைப்பேன். ஜெனரேட்டரில் ஒரு வரியை மாற்றினால் 43 கட்டளைகளின் நிரலும் எப்படி மாறுகிறது என்பதை கிட் வேறுபாட்டிலேயே பார்க்கலாம். ஜெனரேட்டர் பிழைகளை நான் பெரும்பாலும் அப்படித்தான் பிடித்திருக்கிறேன். ஆனால் தானியங்கிச் சோதனையில் கோப்புகளை மீண்டும் உருவாக்கி, சேர்த்து வைத்தவற்றோடு ஒப்பிட்டு, ஒரு பைட் வேறுபட்டாலும் தோல்வி என்று வைக்க வேண்டும். இல்லையெனில் அவசரத்தில் யாரோ ஒருவர் உருவான கோப்பைக் கையால் திருத்திவிடுவார்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், உள்ளடக்கம் மாறாவிட்டால் கோப்பைத் தொடாதபடி ஜெனரேட்டரை எழுதுங்கள். க்யூஏபிஐ பழைய கோப்பைப் படித்து ஒப்பிட்ட பிறகே எழுதுகிறது. அவ்வாறு செய்யாவிட்டால், ஸ்கீமாவில் ஒரு குறிப்பைத் திருத்தினாலே நேரமுத்திரை மாறி, அந்த ஹெடரைச் சேர்த்துள்ள எல்லாக் கோப்புகளும் மீண்டும் கம்பைல் ஆகும்.

நூல்கண்டு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விசிட்டர் அமைப்பை வைத்து ஒரு சிறிய ஜெனரேட்டரைப் பைத்தானில் எழுதி, நான்கு கட்டளைகளை மாற்றிப் பார்த்தோம். பழைய டீமனுக்கும் புதிய டீமனுக்கும் ஒரே கட்டளைகளை அனுப்பி விடைகளை ஒப்பிட்டோம். விடைகள் பொருந்தின, பிழைகளில்தான் வேறுபாடு. பழைய நிரல் தனக்குத் தெரியாத புலங்களைப் பொருட்படுத்தாமல் விட்டது. புதியது அவற்றை ஏற்க மறுக்கிறது. சோதனைக்காக எடுத்த பதிவுகளில், எங்கள் கிளையண்ட் ஒன்று இணைக்கும் கட்டளையில் ஒரு புலத்தின் பெயரைத் தவறான எழுத்துக்கூட்டலில் அனுப்பிவந்தது தெரிந்தது. அந்த விருப்பம் ஒருநாளும் செயல்படவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை. இப்போது கடுமையாக மறுத்தால் அந்தக் கிளையண்ட் நின்றுவிடும். இதை எப்படிக் கடப்பது? மேலும், இணைக்கும் கட்டளையின் உள்ளீடு சாதனத்துக்குச் சாதனம் மாறுவதால் அதை ஸ்கீமாவில் எழுதவே திணறுகிறோம்.

ஆணிவேர் எழுதியது:

மறுப்பதுதான் சரி; க்யூஎமுவும் தெரியாத புலத்தை மறுத்துப் பிழை தருகிறது. ஆனால் ஏற்கெனவே கொடுத்த சலுகையை ஒரே நாளில் பறிக்க வேண்டாம். ஒரு பதிப்பு முழுவதும் தெரியாத புலத்தின் பெயரையும் அனுப்பிய கிளையண்டையும் பதிவில் எழுதிவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். கிளையண்டுகள் திருந்திய பிறகு மறுக்கலாம். க்யூஎமுவில் கைவிடப்படவுள்ள வசதி குறைந்தது இரண்டு பதிப்புகளாவது நீடிக்கும். அத்தகைய கட்டளை வந்தால் ஏற்பதா, மறுப்பதா, உடனே நின்றுவிடுவதா என்று தொடங்கும்போதே தேர்ந்தெடுக்கும் விருப்பம் 6.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. கிளையண்ட் எழுதுபவர்கள் தங்கள் சோதனையில் கடுமையான தேர்வை வைத்து, நீக்கப்படும் நாளுக்கு முன்பே தங்கள் பிழையைக் கண்டுகொள்ளலாம். உங்கள் டீமனுக்கும் அப்படியொரு விருப்பம் கொடுங்கள்.

இணைக்கும் கட்டளையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். க்யூஎமுவிலும் சாதனத்தைச் சேர்க்கும் கட்டளைக்கு இதே சிக்கல் இருந்ததால், அதற்கு மட்டும் நிரலை உருவாக்காதே என்று ஸ்கீமாவில் எழுதி, கைப்பட எழுதிய ஃபங்ஷனுக்கு ஜேசானை அப்படியே அனுப்புகிறார்கள். பொருளைச் சேர்க்கும் கட்டளையின் உள்ளீடும் முன்பு ஸ்கீமாவில் முழுமையாக விவரிக்கப்படவில்லை, 2021இல் 6.0 பதிப்பில்தான் அதை முழுமையாக ஸ்கீமாவுக்குள் கொண்டுவந்தார்கள். கெர்னலும் பழைய நெட்லிங்க் குடும்பங்களின் விசித்திரங்களுக்கென்று தனி ஸ்கீமா வகையை ஒதுக்கி, புதியவற்றுக்கான வகையைத் தூய்மையாக வைத்திருக்கிறது. உங்கள் ஸ்கீமா மொழியிலும் அத்தகைய ஒரு புறவாசல் இருக்கட்டும், ஆனால் புதிய கட்டளைகள் அதன் வழியே நுழைந்தால் ஜெனரேட்டரே மறுக்கும்படி, அனுமதிக்கப்பட்ட பெயர்களை ஒரு பட்டியலில் எழுதி வையுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

அவ்வாறே செய்கிறோம். பட்டியலில் இப்போது இணைப்பது, பிரிப்பது என்ற இரண்டு பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. வேக வரம்புக் கட்டளையை நேற்று மாற்றி முடித்தோம். புலம் வராத நிலை, 0 வரும் நிலை, வேறு எண் வரும் நிலை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சோதனைகள் எழுதிச் சேர்த்திருக்கிறோம். மீதமுள்ள கட்டளைகளை, உள்ளீடு மிகக் குறைவாக உள்ளவற்றிலிருந்து தொடங்கி வாரத்துக்கு மூன்றாக மாற்றப்போகிறோம்.