‘டோட்மாக்கர்’ படத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

பெரம்பூராள், திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற சனிக்கிழமை எங்கள் திரைப்படக் கழகத்தில் ஒரு ஜெர்மன் படம் போடுகிறோம். ‘டெர் டோட்மாக்கர்’, 1995, இயக்கம் ரோமுவால்ட் கர்மாக்கர். இருபத்துநான்கு கொலைகளுக்குத் தண்டிக்கப்பட்ட ஹனோவர் நகரத்து ஃப்ரிட்ஸ் ஹார்மன், பிடிபட்ட பிறகு 1924இல் கோட்டிங்கனில் மனநலப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஷுல்ட்சேயின் முன்னால் உட்கார்ந்து பேசுகிறான். அவ்வளவுதான் படம். ஒரே அறை. துரத்தல் இல்லை, ரத்தம் இல்லை. மேசை, பேராசிரியர், குறிப்பெடுப்பவர், ஹார்மனாக கோட்ஸ் கியோர்கே. வெனிஸில் அந்த ஆண்டு சிறந்த நடிகர் பரிசு அவருக்குத்தான். வசனம் அந்த விசாரணைக் குறிப்புகளிலிருந்தே எடுத்தது.

தமிழ் சப்டைட்டில் என் தலையில் விழுந்திருக்கிறது. வியாழன் இரவு கோப்பைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, ‘ஸேரியன்மோர்டர்’, ஆங்கிலத்தில் சீரியல் கில்லர். அறிமுகத் துண்டறிக்கைக்கு வேண்டும். தொடர் கொலையாளி, தொடர்கொலையாளி, தொடர் கொலைகாரன், எது?

இரண்டு, படத்தின் பெயர். டோட் என்றால் செத்த, மாக்கர் என்றால் செய்பவன். ‘சாகச் செய்பவன்’ என்று போட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது.

வரிக்கு 38 குறிதான் இடம். மென்பொருள் எழுத்தோடு ஒட்டும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணுகிறது. ‘தொடர்கொலையாளி’ நமக்கு 7 எழுத்து, அதற்கு 13.


செய்தியறைக்காரன், திங்கள் நள்ளிரவு

பெரம்பூர் அக்கா, எங்கள் மேசையில் இதற்கெல்லாம் யோசிப்பதே இல்லை. ‘சைக்கோ கொலையாளி’. தலைப்பில் இடம் இல்லையென்றால் வெறும் ‘சைக்கோ’. டீக்கடையில் இருப்பவருக்கும் புரியும். தொடர் என்று போட்டால் எத்தனை மணிக்கு, எந்த சேனலில் என்று கேட்பார்கள்.


மருத்துவர், செவ்வாய் காலை

தம்பி, அந்தச் சொல்லை மட்டும் வேண்டாம். போன மாதம் ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு என் வெளிநோயாளர் அறைக்கு வந்தார். பையனுக்குக் காதில் குரல் கேட்கிறது. மாத்திரைச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டே, “பேப்பர்ல போடறாங்களே டாக்டர், சைக்கோன்னு. இவனும் அப்படி ஆயிடுவானா?” என்று கேட்டார். பையன் பக்கத்திலேயே நிற்கிறான்.

இந்தப் படத்துக்கு அது இரட்டைத் தவறு. ஷுல்ட்சேயிடம் ஹார்மனை அனுப்பியதே, அன்றைய ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு இவனுக்குப் பொருந்துமா என்று பார்க்கத்தான். மனநோயால் தன் விருப்பப்படி முடிவெடுக்க முடியாதவனுக்குத் தண்டனை இல்லை என்பது அந்தப் பிரிவு. பொருந்தாது என்று முடிவானதால்தான் 1925 ஏப்ரல் 15இல் தலை போனது. நீங்கள் ‘சைக்கோ’ என்று துண்டறிக்கையில் போட்டால், படம் தொடங்கும் முன்பே பேராசிரியருக்குப் பதில் நீங்களே தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள்.

அக்கறையோடு ஒரு கேள்வி: ‘ட்சூரெக்னுங்ஸ்ஃபேஹிக்கைட்’ படத்தில் வருமே, அதை என்ன செய்தீர்கள்?


பெரம்பூராள், செவ்வாய் காலை

‘செயலுக்குப் பொறுப்பேற்கும் நிலை’ என்று வைத்திருக்கிறேன் டாக்டர். இரண்டு வரி தின்கிறது. ஜெர்மன் சொல்லுக்குள் ‘கணக்கு’ இருக்கிறது, செய்ததை அவன் கணக்கில் எழுத முடியுமா என்று. நம் மளிகைக்கடையில் ‘யார் பேரில் எழுத?’ என்பார்களே, அதே மாதிரி. ஆனால் பேராசிரியர் வாயில் மளிகைக்கடை வராது.


குடந்தையார், செவ்வாய் நண்பகல்

அன்பரீர், வணக்கம்.

முதலில் விகுதியைத் தெளிவோம். ‘காரன்’ வடசொல் வழி வந்தது. ஆகவே கொலைகாரன் நமக்கு ஆகாது. ‘ஆளி’ தமிழ். ஆனால் முதலாளி முதலை ஆள்பவன், கடனாளி கடனை உடையவன். கொலையை உடையவன் யார்? கொலையுண்டவன் அல்லவோ!

எனவே என் பரிந்துரை: கொலைவினையன். வள்ளுவர் கையாண்டது. “கொலைவினையர் ஆகிய மாக்கள் புலைவினையர் புன்மை தெரிவா ரகத்து.” ஜெர்மானியரின் மாக்கர் என்பதும் ஷூமாக்கர், ஊர்மாக்கர் எனத் தொழிலாளரைக் குறிக்கும் ஈறு என அறிகிறேன். செருப்புத் தைப்பவர், கடிகாரம் செய்பவர். வினை என்பது நம்மிடம் தொழில். பொருத்தம் பாருங்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கொல் என்னும் வேரே மருமமானது. கொல்லன் என்பவன் உயிரைக் கொல்பவன் அல்லன். ஆயினும் சிலம்பில் ஒரு கொல்லன் சொல்லாலேயே கொன்றான். “கருந்தொழிற் கொல்லன்” என்று இளங்கோவடிகள் சொல்லும்போது அந்த ஓசை தற்செயலா? இனி, கொல் என்பதே இடைச்சொல்லாகவும் வரும். தொல்காப்பியர் “கொல்லே ஐயம்” என்றார். “அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ” எனக் குறள் ஐயுறுகிறது. அந்தப் பேராசிரியர் மேசைக்கு அப்பால் அமர்ந்து ஐயுறுவதும் அதுதானே? மனிதன்கொல், விலங்குகொல்? ஒரே அசையில் கொலையும் ஐயமும்!


செய்தியறைக்காரன், செவ்வாய் மாலை

ஐயா, வியாழக்கிழமை கெடு.


லைனாற்றங்கரையான், செவ்வாய் இரவு (ஹனோவர்)

அக்கா, நான் இஞ்ச வந்து முப்பது வருசத்துக்கு மேல. இந்த ஆத்துக்குள்ளதான் 1924 மே மாதம் மண்டையோடுகள் வந்தது. இண்டைக்கும் இங்கத்தைய சனத்துக்கு ஹார்மன் எண்டால் தெரியும். சின்னப் பிள்ளையள் பாடுற ஒரு பாட்டிலையும் அவன் இருக்கிறான். இதிலை கொடுமை என்னெண்டால் அவன் பொலிசுக்குத் தகவல் குடுக்கிறவனாயும் இருந்தவன்.

நான் சொல்ல வந்தது வேற. ‘டோட்மாக்கன்’ புத்தகச் சொல்லு இல்லை. புத்தகத்திலை எழுதினால் ‘டோட்டன்’ எண்டு எழுதுவினம். மாக்கன் சேர்த்தால் அது வீட்டுப் பேச்சு, பிள்ளையளின்ரை பேச்சு. என்ரை மகள் நாலு வயசிலை குளியலறையிலை நிண்டுகொண்டு சிலந்தியைக் காட்டி, “பாப்பா, மாக் ஸீ டோட்!” எண்டு கத்தினவள் (பாப்பா எண்டால் இஞ்ச அப்பா). மனிசி உள்ளுக்கிருந்து அதையே தமிழிலை சொன்னவ: “உதைச் சாக்காட்டிவிடுங்கோ, பிள்ளை பயப்பிடுது.”

சாக்காட்டிறது! அச்சொட்டா அதுதான். படத்திலை அந்தாள் பொடியங்களைப் பற்றிக் கதைக்கேக்கை சிலந்தியைச் சொல்லுற மாதிரிச் சொல்லுறதுதான் வயித்தைப் பிசையிறது. கொலைவினையன் எண்டு போட்டியளெண்டால் அது போயிடும்.

பிறகு, ‘மாக்கர்’ எண்டு எழுதிறியள். அது க் இல்லை. தொண்டைக்குள்ளாலை வாறது. ‘எஃகு’ எண்டு சொல்லிப் பாருங்கோ, அந்த ஆய்தம்தான். மாஃகர்.


குடந்தையார், செவ்வாய் பின்னிரவு

லைனாற்றங்கரையானுக்கு நன்றி. ஆய்தத்தின் ஒலியை ஜெர்மனியில் தேட வேண்டியதாயிற்று! எஃகும் கொல்லன் பட்டறைப் பொருள்தான் என்பதைக் கவனித்தீர்களா?

சாக்காட்டு என்பது சாக்காடு என்ற சொல்லினின்று பிறந்ததா, அல்லது ‘சா’வைக் ‘காட்டு’தலா? “உறங்குவது போலும் சாக்காடு” என்றது குறள். நடத்திக் காட்டு, செய்து காட்டு போல, சாவைக் காட்டு எனக் கொண்டால் அழகிய பொருள் பிறக்கிறது. இதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.


மதுரை மாணவன், புதன் காலை

அக்கா, இந்தியத் தமிழில் அதே வினை நம்ம கையில் இருக்கே. சாகடி. ‘அடி’ங்கிறது இதில் கம்பால் அடிக்கிற அடி இல்லை. தோற்கடி, மறக்கடி, சிதறடி எல்லாத்திலும் வர்ற அடி. ஒருத்தரை அந்த நிலைக்குக் கொண்டுபோய் விடுறது. தன்வினையைப் பிறவினை ஆக்குது. ஜெர்மன்ல மாக்கன் செய்யறதும் இதே வேலைதான்.

பிறவினைன்னதும் ஞாபகம் வருது. “அறவினை யாதெனிற் கொல்லாமை கோறல் பிறவினை எல்லாந் தரும்.” வள்ளுவர் சொன்னது வேற பிறவினைதான், ஆனா எங்க இலக்கண வாத்தியார் வருஷாவருஷம் இந்த ஜோக்கைச் சொல்லாம விடமாட்டார்.

அப்ப ‘சாகடிப்பான்’?


பெரம்பூராள், புதன் காலை

சாகடிப்பான் என்றால் அழிப்பான், துடைப்பான் வரிசையில் கொசு மருந்துப் பெயராகிவிடும். இல்லையென்றால் வினைமுற்றாகி மிரட்டல் ஆகிவிடும், ‘ஜாக்கிரதை, சாகடிப்பான்’ என்று. போஸ்டரில் போட்டால் இரண்டாவது மாதிரிதான் படிப்பார்கள். ஆனால் சாகடி பிடித்திருக்கிறது.


செய்தியறைக்காரன், புதன் நண்பகல்

சாகடி என்றால் இங்கே எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மூன்று மணி நேரம் பேசும் சிறப்பு விருந்தினர். ‘மைக்கைப் பிடிச்சா சாகடிச்சிடுவாரு.’ ஒரே அறையில் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே இருக்கும் படத்துக்கு இந்தப் பெயர் வைத்தால் விமர்சகர்களுக்கு வேலை மிச்சம்.

தொடர் பற்றி நான் சொன்ன டிவி ஜோக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தேடிப் பார்த்தேன். சீரியல் கில்லர் என்ற சொல்லை அமெரிக்காவில் பரப்பிய எஃப்.பி.ஐ. அதிகாரி ராபர்ட் ரெஸ்லர், சின்ன வயதில் சனிக்கிழமை தியேட்டரில் பார்த்த தொடர்படங்கள் மனதில் இருந்ததாக எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் வரை தாங்காமல் இழுக்குமே, அந்த இழுப்பு கொலையாளிக்கும் உண்டு என்பது அவர் எண்ணம். ஆக, சேனல் எது என்று கேட்பதில் தப்பே இல்லை.


மருத்துவர், புதன் மாலை

ரெஸ்லருக்கு முன்பே பெர்லினில் இருந்தது அந்தச் சொல். கொலைப் பிரிவின் தலைவர் எர்ன்ஸ்ட் கென்னாட், டுஸல்டோர்ஃப் நகரில் கொலைகள் செய்த பேட்டர் கியூர்ட்டனின் வழக்கைப் பற்றி 1930இல் எழுதிய கட்டுரையில் ‘ஸேரியன்மோர்டர்’ வருகிறது. (கென்னாட் ரொம்ப கனத்த உடம்புக்காரர், கேக் இல்லாமல் வேலை ஓடாது, சக அதிகாரிகள் புத்தர் என்று கூப்பிடுவார்களாம். இதற்கும் நம் இழைக்கும் சம்பந்தமில்லை, சொல்லத் தோன்றியது.)

சம்பந்தம் உள்ளது இது: படம் நடப்பது 1924இல். அப்போது ஷுல்ட்சே கையில் அந்தச் சொல் இல்லை. பெரம்பூராள், வசனத்துக்குள் எங்கேயும் ‘தொடர்’ வரக்கூடாது. துண்டறிக்கையில் வரலாம், அது நாம் எழுதுவது.


பெரம்பூராள், புதன் இரவு

டாக்டர், நல்ல வேளை சொன்னீர்கள். நான் மூன்று இடத்தில் போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். மூலத்தில் சும்மா ‘மோர்டர்’ என்று இருந்த இடங்கள் அவை. கொலைகாரன் என்று மாற்றிவிட்டேன். ஐயா மன்னிக்கணும், வடசொல்லோ தென்சொல்லோ, ஏட்டில் எழுதும் அதிகாரிக்கும் தெருவில் கத்துபவருக்கும் பொதுவாக இருப்பது அதுதான்.

‘டோட்கெமாக்ட்’ வரும் இடமெல்லாம் ‘சாகடிச்சேன்’ என்று வைத்தேன், ‘சாகடித்தேன்’ இல்லை. எழுத்துத் தமிழ் வந்தால் அவன் பக்கத்திலிருந்து பேராசிரியர் பக்கம் போய்விடுகிறான்.

சாக்காட்டு மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஆனால் அரங்கில் பாதிப்பேருக்கு எட்டாது. ஒரு நொடி யோசித்தால் அடுத்த வரி ஓடிவிடும்.

தலைப்புக்கு இறந்தகாலம் போடலாமா? பிடிபட்டாயிற்று. இனி சாகடிக்கப் போவதில்லை. ‘சாகடித்தவன்’. மென்பொருள் கணக்கில் 11. கொலைவினையனுக்கும் 11தான், ஐயா, அதில் குறை சொல்ல முடியாது.


லைனாற்றங்கரையான், வியாழன் அதிகாலை

ஜெர்மனிலை அந்தச் சொல்லுக்குக் காலம் இல்லை, அக்கா. செய்தவனும் அவன்தான், செய்யிறவனும் அவன்தான். சாகடித்தவன் எண்டால் ஒருக்கால் செய்திட்டு நிப்பாட்டின மாதிரி. ஆனால் எனக்கு இதைவிட நல்லது வருகுதில்லை. போடுங்கோ.


மதுரை மாணவன், வியாழன் காலை

காலம் இல்லாததுதானே அக்கா ‘தொடர்கொலை’யில் இருக்கு? வினைத்தொகை. தொடர்ந்த கொலை, தொடர்கின்ற கொலை, தொடரும் கொலை, மூணும் உள்ளே ஒளிஞ்சிருக்கு. தலைப்பில் விட்டுப்போன காலம் துண்டறிக்கையில் வந்துடும். சேர்த்து எழுதுங்க, தொடர்கதை மாதிரி.


மருத்துவர், வியாழன் காலை

தொடர்கொலையாளி, சாகடித்தவன். இரண்டுக்கும் என் ஒப்புதல். சைக்கோவைத் தவிர எதுவானாலும் ஒப்புதல்தான்.


செய்தியறைக்காரன், வியாழன் மாலை

+1. எங்கள் மேசையில் நாளைக்கும் சைக்கோதான் போகும், அது என் கையில் இல்லை.


பெரம்பூராள், வியாழன் இரவு 11.50

கோப்பு போய்விட்டது. போஸ்டரில் ‘சாகடித்தவன்’, அடியில் சிறிய எழுத்தில் ‘டெர் டோட்மாஃகர்’, ஆய்தத்தோடு. துண்டறிக்கையில் ‘தொடர்கொலையாளி’. எல்லோருக்கும் நன்றி. தூங்கப் போகிறேன்.


குடந்தையார், வெள்ளி காலை

அம்மணி, துண்டறிக்கையின் படியைப் பார்த்தேன். கொலைவினையன் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தம்பி சொல்வது போல் இது வினைத்தொகை அன்று. ஸேரி என்பது ஜெர்மனில் பெயர்ச்சொல். ஆகவே இங்கே தொடர் என்பதும் பெயர். பெயராயின் வல்லினம் மிக வேண்டும்: தொடர்க்கொலையாளி. அச்சுக்குப் போகும் முன் ஒரு ‘க்’ சேர்த்துவிட இயலுமா? சாக்காட்டு பற்றிய மடலும் தயாராகிவிட்டது, மாலையில் அனுப்புகிறேன்.


பெரம்பூராள், வெள்ளி மாலை

ஐயா, அச்சாகி வந்துவிட்டது. 200 படி.