கிரியாட்டினின் நார்மல், பிரஷரும் நார்மல். அப்புறம் எதுக்கு பிரஷர் மாத்திரை?

செல்வம்_நெல்லை:
வணக்கம். அப்பாவுக்கு 58 வயசு, ரொம்ப காலமா சுகர். இந்த தடவை செக்கப்ல டாக்டர் புதுசா ஒரு யூரின் டெஸ்ட் எழுதினார். ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 86னு வந்திருக்கு. 30க்குள்ள இருக்கணுமாம். ரத்தத்துல கிரியாட்டினின் 1.0 தான், பிரஷர் 128/80. "கிட்னியில லேசா புரோட்டீன் லீக் ஆகுது"ன்னு டெல்மிசார்ட்டன் 40 எழுதிட்டார். வெளிய கூட்டம், மேற்கொண்டு கேக்க முடியல. கிரியாட்டினின் நார்மல்னா கிட்னி நல்லாத்தானே வடிகட்டுது? அப்பா, "பிரஷரே இல்லாதவனுக்கு எதுக்குடா பிரஷர் மாத்திரை"ன்னு போட மாட்டேங்கிறார்.

கௌரி_டயாலிசிஸ்:
தம்பி, நான் மதுரைப் பக்கம் ஒரு டயாலிசிஸ் யூனிட்ல டெக்னீஷியன். உங்க டாக்டர் செஞ்சது ரொம்ப சரி. எங்ககிட்ட வந்து படுக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு இந்த டெஸ்ட்டை யாரும் எடுக்கச் சொன்னதே இல்ல. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுங்க.

இதயம் தள்ளுற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு கிட்னிக்குத்தான் போகுது, நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல. ஒவ்வொரு கிட்னியிலயும் நெஃப்ரான்னு சொல்ற குட்டி வடிகட்டி சுமார் 10 லட்சம். ஒவ்வொண்ணோட தலைப்புலயும் குளோமெருலஸ்னு ஒரு நுண்குழாய் முடிச்சு. ரத்தம் ஒரு குட்டித் தமனி வழியா உள்ள வந்து இன்னொரு குட்டித் தமனி வழியா வெளிய போகும். வெளிய போற குழாயை லேசா இறுக்கினா முடிச்சுக்குள்ள அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம்தான் தண்ணி, உப்பு, சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் எல்லாத்தையும் பிதுக்கி வெளிய தள்ளுது. ரத்த அணுவும் ஆல்புமின்ங்கிற புரோட்டீனும் உள்ளேயே தங்கிடணும்.

இப்படி ஒரு நாளைக்கு வடியறது 180 லிட்டர். உடம்புல இருக்கிற பிளாஸ்மாவே, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதியே, 3 லிட்டர்தான். அதுவே திரும்பத் திரும்ப, சுமார் 60 தடவை வடியுது. ஆனா சிறுநீரா போறது ஒண்ணரை லிட்டர் அளவுதான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வீட்டுச் சாமானை எல்லாம் வாசல்ல இறக்கிட்டு வேண்டியதை மட்டும் திரும்ப உள்ள எடுத்து வைப்போமே, கிட்னி செய்றது அதுதான். வடிஞ்ச சர்க்கரை, சோடியம், தண்ணியில பெரும்பகுதியை பின்னாடி இருக்கிற நீண்ட குழாய் ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துடும்.

எங்க மெஷின்ல இந்த ரெண்டாவது வேலையே கிடையாது. சோடியம், பைகார்பனேட் எல்லாம் ரத்தத்துல எவ்வளவு தங்கணுமோ அதுக்கேத்த மாதிரி ஃபில்டர்ல ரத்தம் ஓடுற மெல்லிய இழைகளுக்கு வெளிப்பக்கம் ஓடுற திரவத்துல முன்கூட்டியே கலந்து வைக்கிறோம். வாரத்துக்கு 3 தடவை, 4 மணி நேரம். கிட்னி 168 மணி நேரமும் செய்றதுக்கு எங்களால முடிஞ்சது இந்த 12 மணி நேரம். முடிக்கும்போது சலைன் விட்டு ரத்தத்தை உடம்புக்குத் திருப்புவோம். ஃபில்டர் மெல்ல வெளுக்கும், ரத்தம் உறைஞ்சுபோன இழை மட்டும் கோடு கோடா சிவப்பாவே நிக்கும். அந்த ஃபில்டரை மாத்திடலாம். போன நெஃப்ரான் திரும்ப வளராது.

இப்ப உங்க அப்பா விஷயம். சுகர் ரொம்ப நாள் ஏறியே இருந்தா உள்ள வர்ற குழாய் விரிஞ்சிடும், வெளிய போறது இறுகும். கையில பட்டை கட்டிப் பார்க்கிற 128/80 வேற, அந்த முடிச்சுக்குள்ள இருக்கிற அழுத்தம் வேற. முடிச்சைச் சுத்திப் பிடிச்சிருக்கிற போடோசைட் செல்கள் அந்த அழுத்தத்துல பிடி விட்டு உதிரும். அந்த இடத்துல ஆல்புமின் கசியும். டெல்மிசார்ட்டன் வெளிய போற குழாயைத் தளர்த்தி உள் அழுத்தத்தைக் குறைக்குது. அப்பாவுக்கு இது கிட்னியைக் காக்கிற மாத்திரை.

கிரியாட்டினின் தசையிலேர்ந்து வர்ற கழிவு. கொஞ்சம் நெஃப்ரான் போனாலும் மிச்சம் இருக்கிறது கூடுதலா உழைச்சு அதை வெளிய தள்ளிடும். பாதித் திறன் போற வரைக்கும்கூட ரிப்போர்ட்ல நார்மல்னே வரலாம். அதனால 1.0ஐ மட்டும் நம்பாதீங்க. 86ங்கிறது முன்னாடியே அடிச்ச மணி.

முருகேசன்:
தம்பி, தினமும் வாழைத்தண்டு ஜூஸ், நாலஞ்சு லிட்டர் தண்ணி. கிட்னியைக் கழுவி விட்டுடும். எங்க வீட்ல அதான்.

கௌரி_டயாலிசிஸ்:
அண்ணே, நல்ல மனசோட சொல்றீங்க, ஆனா இதுக்கு அது ஆகாது. தண்ணி அதிகம் குடிச்சா சிறுநீர் நீர்த்துப் போகுமே ஒழிய, உதிர்ந்த செல் திரும்பி வராது. நீர்த்தாலும் கணக்கு தப்பக் கூடாதுன்னுதான் ஆல்புமினைக் கிரியாட்டினினோட சேர்த்து விகிதமா பார்க்கிறாங்க. வாழைத்தண்டுல பொட்டாசியம் உண்டு. டெல்மிசார்ட்டனும் பொட்டாசியத்தை ஏத்தக் கூடியது. டாக்டரைக் கேக்காம தினமும் ஜூஸ் வேண்டாம்.

செல்வம்_நெல்லை:
அக்கா, படிச்சுக் காட்டினேன். "அப்ப சரி, போடறேன்"னுட்டார். ஒண்ணு மட்டும். முட்டி வலிக்கு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக் வாங்கி அடிக்கடி போடறார். அதுவும் கிட்னிக்கு ஆகாதா?

கௌரி_டயாலிசிஸ்:
அதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. அந்த வகை வலி மாத்திரை உள்ள வர்ற குழாயைச் சுருக்கிடும். ஒருபக்கம் டெல்மிசார்ட்டன் வெளிக்குழாயைத் தளர்த்த, இன்னொரு பக்கம் இது உள்குழாயைச் சுருக்கினா வடிகட்ட அழுத்தமே இருக்காது. வாந்தி பேதி வந்து உடம்புல தண்ணி வத்தியிருக்கிற நேரத்துல ரெண்டும் சேர்ந்தா ஆபத்து. முட்டி வலிக்கு வேற என்ன போடலாம்னு டாக்டர்கிட்டயே கேளுங்க.

மாத்திரை ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு வாரத்துல கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்கச் சொல்வாங்க. கிரியாட்டினின் லேசா ஏறியிருந்தா பயந்து நீங்களா நிறுத்திடாதீங்க, ரிப்போர்ட்டைக் காட்டுங்க. யூரின் டெஸ்ட்டையும் இன்னொரு தடவை எடுத்து உறுதிப்படுத்துவாங்க. அதுக்குக் காலைல எழுந்ததும் போற முதல் சிறுநீர்தான் நல்லது. அன்னிக்கு காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தா தள்ளிப் போடுங்க.