கார்னகியின் கதையை மாணவர்களிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி:
வணக்கம். பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களுக்கான எங்கள் வாசிப்பு வட்டத்தில், வறுமையில் பிறந்து உயர்ந்தவர்களைப் பற்றி வாரம் ஒருவராகப் பேசி வருகிறோம். அடுத்து ஆண்ட்ரூ கார்னகி. 1835-இல் ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் ஊரில் கைத்தறி நெசவாளரின் மகனாகப் பிறந்து, 1848-இல் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, பஞ்சாலையில் வாரம் 1 டாலர் 20 சென்ட் கூலிக்கு வேலை பார்த்த அச்சிறுவன், 1901-இல் தன் உருக்கு நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு விற்றார். சென்ற வாரம் இத்தகைய ஒரு கதை முடிந்ததும், மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், “அப்படியானால் என் அப்பா உழைக்கவில்லையா?” என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. இக்கதைகளை நிறுத்திவிடலாமா?

மறுமொழி 1:
நிறுத்த வேண்டாம். அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை கார்னகியின் வீட்டிலேயே இருக்கிறது. அவருடைய தந்தை வில்லியம், பூவேலைப்பாடு கொண்ட லினன் துணி நெய்வதில் தேர்ந்தவர். நீராவித் தறிகள் வந்ததும் அக்கைத்திறனுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. தறிகளை விற்ற பணம் கப்பல் செலவுக்குப் போதாமல், 20 பவுண்டு கடன் வாங்கித்தான் புறப்பட்டார்கள். அமெரிக்காவில் சில காலம் பஞ்சாலை வேலைக்குப் போன வில்லியம், மனம் ஒட்டாமல் மீண்டும் தறிக்கே திரும்பி, மேசை விரிப்புகளை நெய்து தாமே சுமந்து சென்று விற்றார். ஒருமுறை ஒகையோ ஆற்றுப் படகில் விரிப்புகளுடன் சென்ற தந்தை, கட்டணத்தை மிச்சப்படுத்த அறை எடுக்காமல் இரவில் மேல்தளத்திலேயே பயணம் செய்வதைக் கண்டு கலங்கியதாகக் கார்னகியே தன் வரலாற்றில் எழுதுகிறார். வில்லியம் 1855-இல் இறந்தார். மகனுக்கு வாய்த்தது வளர்ந்துவந்த தந்தித் துறை, தந்தையிடம் இருந்ததோ நசிந்துகொண்டிருந்த தொழில். ஒரே வீட்டில் இருவரும் உழைத்தார்கள் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் சிறுவனின் முயற்சியைச் சூழலின் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது. தந்தி கொண்டுசெல்லும் பையனாக வாரம் இரண்டரை டாலருக்குச் சேர்ந்தவன், பிட்ஸ்பர்க் வணிகர்களின் முகங்களையும் முகவரிகளையும் மனப்பாடம் செய்தான். கருவியின் ஓசையைக் காதால் கேட்டே செய்தியை எழுதக் கற்றான். அந்த வேலையோ, தந்தி அலுவலக மேலாளர் தன்னுடன் பலகை விளையாட்டு ஆடிய, கார்னகியின் உறவினரான ஹோகனிடம், நல்ல பையன் கிடைப்பானா என்று விசாரித்ததால் வந்தது. 1853-இல் ரயில்வே அதிகாரி தாமஸ் ஸ்காட் மாதம் 35 டாலருக்கு அவனைத் தன்னிடம் அமர்த்திக்கொண்டார்; முதல் பங்கு முதலீட்டுக்கு வழிகாட்டியவரும் அவரே.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி நூலகம். கர்னல் ஆண்டர்சன் தன் சொந்தப் புத்தகங்களை உழைக்கும் சிறுவர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டிருந்தார். பின்னர் கைத்தொழில் பயில்வோருக்கு மட்டுமே இலவசம் என்று விதி இறுகியபோது, தந்திப் பையனான கார்னகி செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதி வாதாடி, விதியைத் தளர்த்த வைத்தான். உங்கள் மாணவர்களுக்குக் கோடிகளைவிட இக்கடிதம் பயன்படும். கேட்க வேண்டியதை முறையாகக் கேட்பதும் உழைப்புதான்.

மறுமொழி 3:
பிற்பகுதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டுகிறேன். 1892-இல் கார்னகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில் ஊதியக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர்களை அடக்க, நிர்வாகி ஹென்றி ஃபிரிக் பிங்கர்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் சுமார் 300 காவலர்களைப் படகுகளில் வரவழைத்தார். ஜூலை 6-ஆம் நாள் மோதலில் இருதரப்பிலும் உயிர்கள் போயின. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். ஃபிரிக்குக்கு அவருடைய ஆதரவு இருந்தது. தொழிற்சங்கம் உடைந்தது. அவர் பிற்காலத்தில் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார் என்பது பெரிய காரியமே, நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலையருகே நின்றவர் எந்த நேரத்தில் நூலகம் போயிருக்க முடியும்? மூட்டை தூக்குபவரின் மகள் இதைக் கேட்க உரிமையுள்ளவள். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் அடக்க முடியாவிட்டால், ஹோம்ஸ்டெட்டுக்காக மறு வாரத்தையும் ஒதுக்குங்கள்.