தடையில்லாத மனசுன்னா எண்ணமே வராத மனசா?

தூக்கக்கலக்கம்:
எட்டு மாசமா தினம் காலைல 20 நிமிஷம் உக்காருறேன். யோகம்னா சித்த விருத்தி நிரோதம், அதாவது மனசுல எழுற அலைகளை (விருத்திகளை) அடக்கறதுன்னு பதஞ்சலி தன்னோட யோக சூத்திர நூல்ல ரெண்டாவது சூத்திரத்துலயே சொல்லிட்டாருங்கறாங்க, சரின்னு நானும் எண்ணத்தை நிறுத்திப் பாக்குறேன், ஆனா நிறுத்தணுங்கற நினைப்பே ஒரு எண்ணமா வந்து நடுவுல சம்மணம் போட்டு உக்காந்துக்குது. சில நாள் மட்டும் எல்லாம் அடங்கி ஒண்ணுமே தெரியாம போயிடுது, டைமர் அடிச்சாதான் முழிப்பு. அதான் தடையில்லாத மனசா, இல்ல தூங்கிட்டேனா? சிரிக்காதீங்க, சீரியஸா கேக்குறேன்.

ஓரமா_ஒருத்தன்:
தூங்கிட்டீங்க ப்ரோ. சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க.
பதஞ்சலி கணக்குல தூக்கமே ஒரு விருத்திதான். பிரமாணம், விபரியயம் (தப்பா அறியறது), விகல்பம் (வெறும் வார்த்தையால வர்ற கற்பனை), நித்திரை (தூக்கம்), ஸ்மிருதி (நினைவு)ன்னு மொத்தம் 5. முதல்ல வர்ற பிரமாணம்னா சரியா அறியறது, அதையும் விருத்தின்னுதான் சொல்றாரு, அதனால கெட்ட நினைப்பை விரட்டி நல்லதை மட்டும் வச்சுக்கற வேலை இல்ல இது.

வரப்பு_மேல:
நிரோதம்ங்கற வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு மனசோட மல்லுக்கட்டுறதுதான் நம்ம எல்லாரும் பண்ற தப்புன்னு எனக்குத் தோணும், நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்து தலைவலி வாங்கினதுதான் மிச்சம். முதல் பாதத்துல (அத்தியாயத்துல) 30வது சூத்திரம் பாருங்க. தடைன்னு 9 சொல்றாரு: நோய், மந்தம், சந்தேகம், கவனமின்மை, சோம்பல், ஆசை விடாம இழுக்கறது, தப்பா புரிஞ்சுக்கறது, நிலை கிட்டாம போறது, கிட்டினாலும் அதுல நிக்காம போறது. இதுல எண்ணம்னு தனியா ஒண்ணு இருக்கா? உங்க டைமர் கேஸ் ரெண்டாவதுல வரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நாலாவது பாதத்துல வர்ற விவசாயி. ஒரு வயல்லேர்ந்து அடுத்த வயலுக்கு அவன் தண்ணியைக் கையால அள்ளிக் கொண்டுபோறதில்ல, மடையை வெட்டி விடுறான், தண்ணி தானா பாயுது. அந்த சூத்திரம் பேசுறது பிறவி மாறுறதைப் பத்தி, அதை மறைக்கல. ஆனா ரெண்டாவது பாதத்துல பிராணாயாமம் சொல்லும்போதும் இதே போக்குதான்: வெளிச்சத்தை மூடியிருக்கிற திரை தேயுதுங்கறாரே தவிர வெளிச்சத்தை உண்டாக்கச் சொல்லல. நாம வெட்ட வேண்டியது மடைதான்.

சும்மா_இரு:
வரப்பு சார், உவமை நல்லாருக்கு, ஆனா கொஞ்சம் வசதியா வளைச்சுட்டீங்க. அதே 30வது சூத்திரத்துக்கு வியாசர் எழுதின பாஷ்யத்தையும் (உரையையும்) படிங்க, அந்த 9 தடையும் விருத்திகளோட சேர்ந்துதான் இருக்கும், தடை இல்லேன்னா விருத்தியும் இல்லங்கறார். மனசுக்கு அவர் சொல்ற 5 நிலை க்ஷிப்தம் (அலைபாயறது), மூடம் (மந்தமா கிடக்கறது), விக்ஷிப்தம் (அப்பப்போ நின்னு சிதறுறது), ஏகாக்ரம் (ஒண்ணுல குவியறது), நிருத்தம் (அடங்கினது). கடைசி நிலை நிஜமாவே அடங்கினதுதான், 'எண்ணம் வந்தா வரட்டும்'னு விட்டுட்டு அதுக்குப் போய்ச் சேர முடியாது.

கேள்வி கேட்டவருக்கு ஒண்ணு: ரமணர் உபதேச உந்தியார்ல ஒடுக்கத்தை ரெண்டா பிரிக்கிறார், இலயம்னு ஒண்ணு (தற்காலிகமா அடங்கறது), நாசம்னு ஒண்ணு (அடியோட அழியறது). இலயிச்சது திரும்ப எழும். டைமர் அடிச்சதும் பழைய கவலை எல்லாம் அதே இடத்துல காத்துக்கிட்டு இருந்துச்சா இல்லையா, அதை யோசிச்சுப் பாருங்க.

வரப்பு_மேல:
ஒத்துக்கறேன், வளைச்சேன். ஆனா அடங்குறதுக்கு முன்னாடி படி இருக்கே. விருத்தி தேஞ்ச சித்தம் சுத்தமான பளிங்கு மணி மாதிரி, பக்கத்துல எதை வச்சாலும் அதோட நிறத்தை அப்படியே காட்டும்னு முதல் பாதத்துலயே வருது. நிறத்தைக் காட்டுற மணி ஒண்ணும் தெரியாம கிடக்கற மணி இல்லையே?

சும்மா_இரு:
அது சரி. அங்க சண்டை இல்ல.

தூக்கக்கலக்கம்:
காத்துக்கிட்டு இருந்துச்சு சார், ஒண்ணு கூட குறையல :) இன்னைக்கு நிறுத்தற வேலையை விட்டுட்டு மூச்சை மட்டும் பாத்தேன். எண்ணம் வந்துச்சு, போச்சு, நடுவுல ஒரு ரெண்டு மூணு மூச்சு எந்த இழுபறியும் இல்லாம தெளிவா இருந்துச்சு, தூங்கலங்கறது மட்டும் நிச்சயம். அப்புறம் 'அட, வந்துடுச்சு போல'ன்னு நினைச்சேன், அவ்ளோதான், போச்சு. இது அந்த லிஸ்ட்ல எட்டாவதா ஒம்பதாவதா?

ஓரமா_ஒருத்தன்:
ஒம்பது. நாளைக்கும் உக்காருங்க ப்ரோ.